பத்தில் ஒரு பங்கு கார், முழு அளவுச் சூரியன்

ஓட்டிப் பந்தயம் விடுவதற்கென்றே செய்த ரேடியோ கட்டுப்பாட்டுக் காருக்கு வெளிப்புறத்தில் பெயின்ட் அடிக்கும் வழக்கம் கிடையாது. ஆர்.சி. கார் என்று அந்த வட்டாரத்தில் சொல்லப்படும் இந்த வண்டியின் பாடி, பெட்டியிலிருந்து எடுக்கும்போது நிறமே இல்லாத வெறும் தெளிந்த பிளாஸ்டிக் கூடு. அதை மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்பக்கமாக அடிக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படவேண்டிய கோடும் எண்ணும் முதலில். பரந்த நிறம் அடுத்து. எல்லாவற்றையும் தாங்கும் பின்னணி கடைசியில். பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, நிறம் அடித்து, மேலே கிளியர் கோட் கொடுத்துப் பழகிய கார் பெயின்டருக்கு இது தலைகீழ்ப் பாடம். கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டும் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியக்காரருக்கோ இது தினசரி வேலை: அம்மன் மூக்குத்தி முதலில், பின்திரை கடைசியில்.

காரணம் எளியது. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் பாய்ந்து, சுவரில் மோதி, கூரை தரையில் உராய உருண்டு போகிற வண்டி அது. வெளியே அடித்த பெயின்ட் ஒரு மாலைக்குத் தாங்காது. உள்ளே அடித்தால் கீறலையெல்லாம் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்கிறது. நிறம் அதன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் அதை உருவாக்கினார்கள். பேயர் அதற்கு மக்ரோலான் என்று பெயர் வைத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் வைத்த பெயர் லெக்ஸான். ஆர்.சி. உலகில் இன்றும் பாடியை லெக்ஸான் என்றுதான் சொல்கிறார்கள். தகட்டைச் சூடாக்கித் தளர்த்தி, அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் அது அச்சோடு ஒட்டிக் கார் வடிவம் பெறும். பந்தயப் பாடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மடக்கினால் வளையும், விட்டால் நிமிரும்.

இந்தக் கூட்டுக்குள் மெட்டல் ஃப்ளேக் எனப்படும் உலோக மினுக்குப் பெயின்ட்டை அடிப்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சாதாரண மெட்டாலிக் பெயின்ட் வேறு, இது வேறு. மெட்டாலிக்கில் உள்ள அலுமினியத் துகள்கள் 10 முதல் 30 மைக்ரான் அகலம்; அவை தனித்தனியே தெரியாது, மொத்தமாக ஒரு பட்டுப் பளபளப்பைத் தரும். மெட்டல் ஃப்ளேக்கில் ஒவ்வொரு துணுக்கும் 100, 200, சில சமயம் 400 மைக்ரான் அகலம். வெயிலில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வெட்டி வெட்டி மின்னும். ஜிகினா என்று நாம் சொல்வதன் கட்டுக்கோப்பான வடிவம்.

பெயரில் உலோகம் இருந்தாலும் அந்தத் துணுக்கில் உலோகம் மிகக் கொஞ்சம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய தாளை எடுத்து, வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிடுகிறார்கள். படியும் அலுமினியத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான்; விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்ப அது போதும். மேலே நிறம் சேர்த்த எப்பாக்ஸிப் பூச்சு. பிறகு அறுகோணத் துணுக்குகளாக வெட்டுகிறார்கள். அறுகோணம் அழகுக்காக வந்ததல்ல. ஒரு தாளை இடைவெளியே இல்லாமல், கழிவே இல்லாமல் நிரப்பக்கூடிய ஒழுங்கான வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுதான். அவற்றுள் வட்டத்துக்கு மிக அருகில் வருவது அறுகோணம். கைவினைக் கடையில் கிடைக்கும் மலிவான கிளிட்டரை வாங்கிப் பெயின்ட்டில் கொட்டிப் பார்க்க ஆசை வரலாம். அதன் நிறம் தின்னரில் கரைந்து ஒழுகிவிடும். கரைப்பானுக்குத் தாங்கும் எப்பாக்ஸிப் பூச்சுக்குத்தான் ஃப்ளேக்கில் காசு கொடுக்கிறோம்.

ஜிகினாத் தாளும் கார் பெயின்ட்டும் சந்தித்த இடம் தெற்குக் கலிஃபோர்னியா. ஓஹையோ மாநிலத்துக் க்ளீவ்லாந்தில் இருந்த டோபெக்மன் நிறுவனம் 1940களில் அலுமினியத் தாளைப் பிளாஸ்டிக் படலங்களுக்கு இடையே வைத்து நூலாக நறுக்கி லூரெக்ஸ் என்ற பெயரில் ஜரிகையாக விற்றது. நூலாக நறுக்க முடிவதைத் துணுக்காகவும் நறுக்கலாம். 1950களின் முடிவிலும் 1960களிலும் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துக் கஸ்டம் கார்க்காரர்கள் அதைக் காரின் கூரையிலும் பானெட்டிலும் அள்ளி அடித்தார்கள். வேலை என்னவோ சள்ளை பிடித்தது. பெரிய துணுக்குகள் பெயின்ட்டுக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்கும். பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரக்கும். அதை மூடக் கிளியர் கோட்டை அடுக்கடுக்காக அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும்.

இதைத் தவிர்க்கும் வழி கார்க் கொட்டகையிலிருந்து வரவில்லை, படகுத் துறையிலிருந்து வந்தது. கண்ணாடியிழைப் படகு செய்பவர்கள் குழிந்த அச்சின் உட்பக்கத்தில் முதலில் ஜெல்கோட் என்ற நிறப்பசையை அடித்து, அதன் பின்னால்தான் இழையையும் ரெசினையும் வைப்பார்கள். அச்சிலிருந்து பிரித்தெடுக்கும்போது முதலில் அடித்தது வெளிமுகமாக, அச்சின் வழவழப்போடு வரும். நியூபோர்ட் பீச்சில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிப்பாகங்களின்மேல் கண்ணாடியிழைத் தொட்டி ஒன்றை வைத்து மணல்மேட்டு வண்டி செய்தார். மேயர்ஸ் மேங்ஸ் என்ற அந்த வண்டியும், அதைப் பார்த்து முளைத்த நூற்றுக்கணக்கான போலிகளும் மெட்டல் ஃப்ளேக் கலந்த ஜெல்கோட்டில் வந்தன. துணுக்கின் முட்டலெல்லாம் உட்பக்கம் போய்விட்டது. வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. ஆர்.சி. பாடியில் நடப்பதும் இதேதான். இங்கே அச்சைப் பிரித்து எறிவதில்லை, அச்சே பாடியாகத் தங்கிவிடுகிறது. மெட்டல் ஃப்ளேக்குக்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். முழு அளவுக் காரில் பல நாள் தேய்த்துப் பெறும் வழவழப்பு இங்கே பாடியோடு கூடவே வருகிறது. தேய்ப்பதே இல்லாததால் பிளாஸ்டிக் தூளும் கிளம்பாது.

உள்ளே அடிக்கும் பழக்கமும் அதே ஊர், அதே காலம். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஸ்லாட் கார் பைத்தியம் பிடித்திருந்தது. பள்ளம் வெட்டிய தடத்தில் ஓடும் அந்தச் சின்ன மின்கார்களுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் கூடு செய்து உட்புறம் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்ஸ் அப்போது ஸ்லாட் கார் சாமான்களோடு தொடங்கிய நிறுவனம்தான். 1984இல் அது கொண்டுவந்த ஆர்.சி.10 என்ற கார் அடுத்த தலைமுறையின் ஆர்.சி. பந்தயத்தையே மாற்றியது. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டமியா 1976இல் போர்ஷே 934 மாதிரியோடு இந்தத் துறைக்குள் வந்தது. இன்று அது பாலிகார்பனேட்டுக்கென்றே பி.எஸ். என்று எண்ணிட்ட ஸ்பிரே டப்பாக்களைத் தனியாக விற்கிறது; கடின பிளாஸ்டிக் பொம்மைகளுக்கான டி.எஸ். வரிசை வேறு. இரண்டையும் மாற்றி அடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவுப் பிரச்சினை. ஆர்.சி. கார்களில் மிகப் பரவலானது நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு. சக்கரம், கண்ணாடி, கதவு எல்லாம் பத்தில் ஒன்று. அப்படியானால் ஃப்ளேக்கும் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டாமா? நிஜக் காரில் அடிக்கும் 0.2 மில்லிமீட்டர் துணுக்கை அப்படியே மாதிரியில் அடித்தால், அது நிஜக் காரில் 2 மில்லிமீட்டர் துணுக்கு ஒட்டியதற்குச் சமம். கல்யாண மண்டப அலங்காரம்போல் ஆகிவிடாதா?

கண்ணின் கணக்கைப் பார்ப்போம். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 0.2 மில்லிமீட்டர் அகலம் அந்தக் கோணத்துக்குள் சுருங்க 70 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிஜக் காரை யாரும் மூன்று மீட்டருக்குக் குறையாமல்தான் முழுதாகப் பார்ப்பார்கள். அங்கே துணுக்கின் உருவம் தெரியாது, மின்னல் மட்டும் தெரியும். மாதிரியைக் கையில் எடுத்து 30 சென்டிமீட்டரில் பார்க்கும்போது அதே துணுக்கு எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. அறுகோணம் இல்லாவிட்டாலும் ஒரு பொட்டு என்று தெரிந்துவிடும். மூன்று மீட்டர் காட்சியை 30 சென்டிமீட்டரில் அப்படியே பெற வேண்டுமானால் துணுக்கு 20 மைக்ரானாக இருக்க வேண்டும். அதாவது சாதாரண மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கும் அளவு. ‘மாதிரி காருக்கு மெட்டாலிக் அடித்தால் போதும், அதுவே பத்தில் ஒரு பங்கு மெட்டல் ஃப்ளேக்’ என்று பழைய கைகள் சிலர் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடித்துப் பார்த்தால் அது மெட்டல் ஃப்ளேக்காக இருப்பதில்லை. பட்டுப்போல் பளபளக்கும், வெட்டி மின்னாது. காரைச் சுருக்கிவிட்டோம், துணுக்கையும் சுருக்கிவிட்டோம், ஆனால் சூரியனையும் ஒளியின் அலைநீளத்தையும் சுருக்கவில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தட்டையான ஒரு துணுக்கைச் சின்னஞ்சிறு கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். அது சரியான கோணத்தில் இருந்தால் அதில் நாம் பார்ப்பது சூரியனின் பிம்பத்தை. உச்சி வெயில் சூரியனின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 160 கோடி கேண்டெலா. ஒரு கேண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தியின் ஒளி. 0.2 மில்லிமீட்டர் அறுகோணத்தின் பரப்பு 0.035 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கி, பிளாஸ்டிக்கிலும் பூச்சிலும் வீணாவதைக் கழித்தால் கிட்டத்தட்ட 40 கேண்டெலா வருகிறது. கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் ஒரு துணுக்கு, சரியாகத் தட்டையாக இருந்தால், அந்தக் கணத்தில் அந்தத் திசையில் 40 மெழுகுவத்திக்குச் சமம். பத்து மீட்டர் தள்ளி மேடையில் நின்று வண்டி ஓட்டுபவரின் கண்ணில் அது சேர்க்கும் ஒளி பௌர்ணமி நிலவு சேர்ப்பதைவிடச் சற்று அதிகம். அதுவும் ஒரே புள்ளியிலிருந்து. நிஜத்தில் துணுக்குகள் லேசாக வளைந்திருக்கும் என்பதால் இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதுவே தாராளம். உருவம் தெரியாத தூரத்திலும் மின்னல் தெரிவது இதனால்தான். விண்மீன்களும் அப்படித்தான் தெரிகின்றன. அவற்றின் அகலத்தை எந்தக் கண்ணும் பிரித்தறிந்ததில்லை.

இப்போது துணுக்கைப் பத்தில் ஒன்றாக, 20 மைக்ரானாக ஆக்குவோம். பரப்பு நூறில் ஒன்றாகிறது. ஒளியும் நூறில் ஒன்று. இது எதிர்பார்த்ததே. ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. ஒளி அலையாதலால் சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது விரிகிறது. எவ்வளவு விரியும் என்றால், அலைநீளத்தைக் கண்ணாடியின் அகலத்தால் வகுத்து வரும் அளவு. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். 0.2 மில்லிமீட்டர் துணுக்குக்கு விரிவு 0.16 பாகை. வானத்தில் சூரிய வட்டின் அகலமே அரைப் பாகைக்குச் சற்று மேல் என்பதால் இது ஒரு பொருட்டல்ல. 20 மைக்ரான் துணுக்குக்கோ விரிவு 1.6 பாகை, சூரிய வட்டைப்போல் மூன்று மடங்கு. பிம்பம் மூன்று மடங்கு அகலமாக வழிந்து பரவுவதால் ஒளி மேலும் ஒரு பத்து மடங்கு நீர்த்துப்போகிறது. ஆக, துணுக்கைப் பத்து மடங்கு சிறிதாக்கினால் அதன் மின்னல் ஆயிரம் மடங்கு மங்குகிறது. இந்த விரிவும் சூரிய வட்டின் அகலமும் சமமாகும் எல்லை ஏறக்குறைய 60 மைக்ரான். அதற்குக் கீழே போனால் துணுக்கு சூரியனைக் காட்டும் கண்ணாடியாக இல்லாமல் தன் சிறுமையைக் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது.

காணாமல் போன ஒளி எங்கே? எங்கும் போகவில்லை. பத்தில் ஒரு பங்கு காரின் பானெட் பரப்பு 180 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஓரடுக்காக நிரப்பினால் 0.2 மில்லிமீட்டர் துணுக்குகள் சுமார் ஐந்து லட்சம் அதில் அடங்கும். அவை பத்துப் பாகை வரை அப்படி இப்படிச் சாய்ந்து கிடந்தால், ஒரு நேரத்தில் சூரியனைச் சரியாக நம் கண்ணுக்கு அனுப்பும் கோணத்தில் இருப்பவை தோராயமாகப் பதினாலாயிரத்தில் ஒன்று. அதாவது ஐந்து லட்சத்தில் முப்பது, நாற்பது. மற்ற அத்தனையும் அப்போது மங்கிக் கிடக்கும். கார் ஓர் அங்குலம் நகர்ந்தால் இந்த நாற்பது அணைந்து வேறொரு நாற்பது பற்றிக்கொள்ளும். உயிருள்ளதுபோல் தோன்றுவது இந்த ஆள்மாற்றம்தான். 20 மைக்ரான் துணுக்குகளோ நூறு மடங்கு அதிகம் அடங்கும், விரிவதால் ஒவ்வொன்றும் பத்து மடங்கு அதிக கோணங்களில் தெரியும். ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியோடு. கூட்டிப் பார்த்தால் மொத்தம் அதேதான். சில்லறையாக மாற்றிய நோட்டில் மதிப்பு குறையவில்லை; தனியாக எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை, அவ்வளவே.

எனவே பத்தில் ஒரு பங்கு காருக்கு 0.1 மில்லிமீட்டர் துணுக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். அளவுப்படி பார்த்தால் அது ஐந்து மடங்கு பெரிது, தப்புதான். ஆனால் 60 மைக்ரான் எல்லைக்கு மேலே பத்திரமாக இருக்கிறது, கையில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் உருவமும் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. மாதிரி செய்வதில் அளவு மாறாமை ஒரு விரதம் என்று நினைப்பவர்கள் முகம் சுளிக்கலாம். இருபத்துநாலில் ஒரு பங்கு காருக்கு இதே துணுக்கை அடிப்பதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே மெட்டாலிக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துணுக்குகள் படுத்துக் கிடப்பது இந்தக் கணக்கில் மிக முக்கியம். தெளிந்த பொருளுக்குள் புதைந்த துணுக்கு பத்துப் பாகை சாய்ந்தால் ஒளி உள்ளே 20 பாகை திரும்பும். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.585 ஆதலால், வெளியே வரும்போது அது 33 பாகையாகிவிடும். 20 பாகை சாய்ந்த துணுக்கின் ஒளி வெளியே வரவே வராது. மேற்பரப்பில் முட்டி முழு அக எதிரொளிப்பாக உள்ளேயே திரும்பிவிடும். நிமிர்ந்து நிற்கும் துணுக்கு காசுக்குக் கேடு. நல்லவேளையாகப் படலமே இதைக் கட்டுப்படுத்துகிறது. 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் துணுக்கு 15 பாகைக்கு மேல் சாய இடமில்லை. கரைப்பான் ஆவியாகிப் படலம் மெலிய மெலிய, துணுக்கும் பிளாஸ்டிக்கோடு அமுங்குகிறது. அதனால் அடிப்பது மெல்லிய மெல்லிய படலங்களாக இருக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட அடித்தால் துணுக்குகள் நீந்தி ஓரிடத்தில் கும்பலாகவும் ஓரிடத்தில் வழுக்கையாகவும் ஒதுங்கும்.

மெல்லிய படலம் என்றால் எத்தனை? துணுக்குகள் வரிசையாக உட்காருவதில்லை, மழைத்துளிபோல் எங்கே வேண்டுமானாலும் விழும். பரப்பை ஒரு தடவை மூடப் போதுமான துணுக்கைத் தூவினாலும் 37 விழுக்காடு இடம் வெறுமையாகவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது அவ்வளவு. இரண்டு மடங்கு தூவினால் 13.5 விழுக்காடு. மூன்று மடங்கு தூவியும் 5 விழுக்காடு மிஞ்சும். முழுதாக மூடும்வரை அடிப்பேன் என்று கங்கணம் கட்டுபவர் பாடியை ஈயக்கட்டியாக்கிவிடுவார். ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பாடியில் 25 மைக்ரான் தடிமனுள்ள துணுக்கை ஒருமடங்கு தூவினால் மூன்றரை கிராம். மூன்று மடங்குக்குப் பத்து கிராம், அதைப் பிடித்துவைக்கும் கிளியர் தனி. பாடியே நூறு கிராம் பக்கத்தில் இருக்கும் வண்டியில், அதுவும் காரின் உச்சியில், பத்து கிராம் என்பது பந்தயக்காரருக்கு வயிற்றெரிச்சல். அதனால் சற்று இடைவெளி விட்டு, மிச்சத்தைப் பின்னணி நிறத்திடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

பின்னணிக்குக் கறுப்பு அடித்தால் இடுக்குகளின் வழியே போகும் ஒளி விழுங்கப்படும்; மின்னல்கள் இருட்டில் மிதப்பதாகத் தோன்றி ஆழம் கூடும். வெள்ளி அடித்தால் பாடி முழுதும் பிரகாசமாகும், மின்னலின் வேறுபாடு குறையும். துணுக்கின் நிறத்தையே அடித்தால் இடுக்கு இருப்பதே தெரியாது. கேண்டி எனப்படும் ஒளிபுகும் சிவப்போ நீலமோ வேண்டுமென்றால் தலைகீழ் வரிசையை மறக்கக் கூடாது: கேண்டி முதலில், வெள்ளித் துணுக்கு அதன் பின்னால், கறுப்பு கடைசி. ஒளி கேண்டிப் படலத்தைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் கடப்பதால் படலத்தில் எங்காவது மேடுபள்ளம் இருந்தால் அது இருமடங்காகக் காட்டிக்கொடுக்கும்.

துணுக்கை ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து வெளியே வரவைப்பது தனி வித்தை. ஏர்பிரஷ்ஷின் முனைத்துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் துணுக்கு 0.3 துளையில் போய்விடும் என்று மனக்கணக்கு சொல்லும். போகாது. தனித்தனியாகப் போகக்கூடிய துணுக்குகள் மூன்று நான்கு ஒன்றாக வந்து துளையின் வாயில் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவு கட்டிக்கொள்ளும். பின்னால் வருவது எல்லாம் அங்கேயே நிற்கும். துளை துணுக்கைவிடக் குறைந்தது ஐந்தாறு மடங்கு பெரிதாக இருந்தால்தான் ஓட்டம் தடைப்படாது. அதனால் சிறிய ஸ்பிரே கன், 0.8 அல்லது ஒரு மில்லிமீட்டர் முனை. பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38, கிளியரும் தின்னரும் அதைவிட லேசு. பேசிக்கொண்டே நின்றால் துணுக்கு கோப்பையின் அடியில் படிந்துவிடும். கார் பெயின்டர்கள் கோப்பைக்குள் இரண்டு கோலிக்குண்டைப் போட்டுக் கையை ஆட்டிக்கொண்டே அடிப்பது இதற்காகத்தான்.

இனி ஒட்டும் பிரச்சினை. வளைந்து நிமிரும் பாடியின் உட்புறத்தில் பெயின்ட்டும் கூடவே வளைய வேண்டும். படலம் தடிக்கத் தடிக்க, அதே வளைவில் அதன் வெளிமுகம் அதிகமாக நீள வேண்டியிருக்கிறது. தடித்த படலம் முதலில் வெடிப்பது இதனால். ஃப்ளேக் படலம் இயல்பிலேயே தடியானது. போதாக்குறைக்கு ஒவ்வொரு துணுக்கின் விளிம்பும் வெடிப்புக்கு ஒரு தொடக்கப்புள்ளி. பாலிகார்பனேட்டுக்கென்று செய்த பெயின்ட்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக இளக்கிப் பிடித்துக்கொள்ளும். நெகிழும் தன்மையும் அதற்கு உண்டு. கடின பிளாஸ்டிக்குக்கான ஸ்பிரேயை அடித்தால் காய்ந்ததும் அழகாகத்தான் இருக்கும். முதல் மோதலில் தகடு தகடாக உரியும். கார் பெயின்ட்டுக்கான காட்டமான தின்னரோ எதிர்த்திசையில் கெடுக்கும். பாலிகார்பனேட்டுக்குள் அச்சு வார்த்தபோதும் கத்தரியால் வெட்டியபோதும் தங்கிய இழுவிசை இருக்கும். அந்த இடங்களில் கரைப்பான் நுழைந்தால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சக்கர வளைவின் விளிம்பில் தொடங்கும் வெடிப்புகள் பெரும்பாலும் இந்த வகை. அடிப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் உட்புறத்தைக் கழுவுவதும் சடங்கல்ல. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது.

பெயின்ட் எங்காவது விட்டுப்போனால் பார்த்தவுடன் தெரியும். நன்றாக ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக்குக்கும் கிளியருக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்றே; அந்த எல்லையில் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது, துணுக்குகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பதிந்ததுபோல் இருக்கும். இடையில் ஒரு மயிரிழை காற்று புகுந்தாலும் அந்த முகத்தில் 5 விழுக்காடு ஒளி திரும்பி, நிறம் வெளிறிய திட்டாகத் தெரியும். அதற்குள் இருக்கும் துணுக்குகளின் மின்னலும் மங்கிப்போகும்.

இத்தனையும் சரியாகச் செய்து காரை உள்ளரங்கத் தடத்துக்கு எடுத்துப் போய் ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. மேகமூட்டமான நாளில் மின்னல் அணைந்துபோவதுபோல் அங்கேயும் அணைந்துபோகிறது. குழல் விளக்கின் ஒளிர்வு சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் கேண்டெலா பக்கம். சூரியனோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு அது நீளமாக வேறு இருக்கிறது. கூரையில் வரிசையாகக் குழல் விளக்குகள் இருந்தால் ஒரே நேரத்தில் ஏராளமான துணுக்குகள் மங்கலாகப் பதில் சொல்லும், எதுவும் வெட்டாது. கார் தொழிற்சாலைகள் நேரொளியில் தெரியும் மின்னலையும் பரவிய ஒளியில் தெரியும் குருணைத்தன்மையையும் இரண்டு தனித்தனி எண்களாக அளப்பதற்குக் காரணமும் இதுதான். குழல் விளக்கின் கீழ் மிஞ்சுவது அந்தக் குருணை மட்டும். மூடியில்லாத எல்.இ.டி. சில்லு நிலைமையைக் காப்பாற்றும்: அது ஒரு புள்ளி, ஒளிர்வும் குழல் விளக்கைவிடப் பல மடங்கு. உள்ளரங்கில் மட்டும் ஓட்டுபவர், ஃப்ளேக் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை அந்த அரங்கத்தின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.